எச்சம் விழாத நிழல்

விசில்காரரின் இடது தோளில் வக்கா என்கிற இராக்கொக்கு ஒன்று தன் முதல் முட்டையை இட்டபோது மணி காலை ஒன்பது இருபது. சாயங்காலம் ஐந்துக்குள் வந்துவிடுவதாக மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் அவர் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தார். முட்டை வெளிர்ப்பச்சை நிறம், கோழி முட்டையைவிடக் கொஞ்சம் சிறியது. அவர் வீடு திரும்ப எட்டு மாதமும் பதினோரு நாளும் ஆயிற்று. அதுவும் ஐந்து மணிக்கு அல்ல, ஐந்தரைக்கு.

அவர் முப்பத்திரண்டு வருடம் நாற்சந்தியில் நின்று ஓய்வு பெற்ற போக்குவரத்துக் காவலர். இடது கையைத் தோள்மட்டத்துக்கு நீட்டினால் நீட்டியபடி இருக்கும், இறங்காது, நடுங்காது. ஒருமுறை மேலதிகாரி ஒருவர் அந்தப் புறங்கையில் டீ டம்ளரை வைத்துவிட்டு, பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து முடித்து, திரும்ப எடுத்துக் குடித்தார். டீ ஆறியிருந்தது, சிந்தவில்லை. அவருடைய மனைவி இரண்டு தெரு தள்ளி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். லென்ஸைத் தானே தேய்த்து, தானே பொருத்தி, "இப்பத் தெரியுதா? இப்ப?" என்று ஊரில் பாதிப் பேருக்கு உலகத்தைக் காட்டிக்கொடுத்தவர். கண்ணாடிக்காரம்மா என்றால்தான் தெரியும். அந்த அம்மாவின் வாயும் லென்ஸ் மாதிரிதான். தேய்ந்து தேய்ந்து ஓரம் கூர்மையாகியிருந்தது. கணவர் ஓய்வு பெற்ற அன்று ஒரு சாய்வு நாற்காலி வாங்கிக் கூடத்தில் போட்டார். "முப்பத்திரண்டு வருஷமா உங்கள மரம் மாதிரி நின்னே பாத்தாச்சு. இனிமே உக்காந்து பாக்கணும்" என்றார். விசில்காரர் நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்தார், நல்ல நாற்காலி என்றார், நாளைக்கு உட்காருகிறேன் என்றார். மறுநாள் காலைப் பேப்பரில் பறவைகள் சரணாலயத்துக்குத் தன்னார்வலர்கள் தேவை என்று ஒரு சின்ன விளம்பரம் வந்திருந்தது. நாற்காலியின் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமலே போயிற்று.

சரணாலயம் என்பது பேருந்துப் பணிமனைக்கும் துணிக்குச் சாயம் போடும் ஆலைக்கும் நடுவில் இருந்த ஏரி. காகிதத்தில் முப்பது ஏக்கர், கண்ணுக்கு ஒன்பது. தண்ணீர் திங்கள் நீலமாகவும் புதன் சிவப்பாகவும் இருக்கும். ஆலைக்கு எந்த நிறத்தில் ஆர்டர் வந்திருக்கிறது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். கரையில் பதினேழு மரங்கள், அவற்றில் முந்நூறு சொச்சம் பறவைகள். தன்னார்வலர்கள் மொத்தம் இருபத்துமூன்று பேர். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் பாலிதீன் பைகளை இழுப்பார்கள், தூண்டில் நரம்பு சுற்றிய கால்களைக் கத்தரிக்கோலால் விடுவிப்பார்கள், ஒருவர் செய்ததை இன்னொருவர் தப்பு என்பார்கள். விசில்காரர் போன மூன்றாவது வாரமே அவரைச் செயலாளர் ஆக்கினார்கள். வேறு யாரிடமும் விசில் இல்லை.

செயலாளர் ஆனதும் அவர் போட்ட முதல் விதியே கடைசி விதியும்கூட. வாசல் பலகையில் சிவப்புப் பெயின்டில் தன் கையாலேயே எழுதினார்: முட்டை உள்ள கூட்டை, குஞ்சு பறக்கும்வரை, எக்காரணம் கொண்டும் அசைக்கக் கூடாது. எக்காரணம் என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு. அந்த இரண்டு கோட்டுக்கு முதலில் பலியானவர் மருந்துக்கடைக்காரர். அவருடைய ஸ்கூட்டரின் முன்கூடையில் ஒரு புறா இரண்டு முட்டை வைத்துவிட்டது. மனிதர் விதிக்குக் கட்டுப்பட்டு ஒரு மாதம் கடைக்கு நடந்தே போனார். முப்பத்தோராம் நாள் அவர் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது. வேறு வண்டி கிடைக்கவில்லை. அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து, புறாவை முன்னால் உட்காரவைத்து, மூன்று சிக்னலைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். புறா கூட்டைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. வழியெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்ததாகச் சொல்வார். அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள். "அம்மாவும் பொழைச்சாங்க, புறாவும் பொழைச்சிருச்சு. செத்தது நம்ம விதி மட்டும்தான்" என்றார் விசில்காரர். நீக்கத்துக்கு ஆதரவாக முதலில் உயர்ந்தது அவருடைய இடது கை. மருந்துக்கடைக்காரர் தன் தொப்பியையும் கத்தரிக்கோலையும் மேஜைமேல் வைத்துவிட்டு, "உங்களுக்கும் ஒரு நாள் வரும் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். சாபமாகச் சொல்லவில்லை, மாத்திரை கொடுக்கும்போது சாப்பாட்டுக்குப் பிறகு என்று சொல்வாரே, அந்தக் குரல்.

பிறகு பணிமனையின் பேருந்துகள் திரும்ப இடம் போதவில்லை என்று பதினோரு மரங்களை வெட்டினார்கள். ஐந்து மரங்கள் சாயத் தண்ணீர் குடித்துத் தாமாகவே பட்டுப்போயின. கடைசி மரம் ஒரு செவ்வாய்க்கிழமை யாரும் தொடாமலே விழுந்தது. தனியாக நிற்கச் சங்கடமாக இருந்திருக்கும். மறுநாள் காலை, கட்டட இடிபாடு ஏற்றிய லாரி ஒன்று ஏரியைத் தூர்க்க வந்தது. விசில்காரர் வாசலில் நின்று விசிலை ஊதி இடது கையை நீட்டினார். லாரிக்காரர் பழக்கதோஷத்தில் பிரேக் போட்டார். "பெரியவரே, நகருங்க, எனக்கு இன்னும் அஞ்சு லோடு இருக்கு" என்றார். விசில்காரர் நகரவில்லை. லாரிக்காரரும் இறங்கவில்லை. இப்படி இரண்டு மணி நேரம் போனது. மேலே வாயில் குச்சியோடு உட்கார இடமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த வக்கா ஜோடி ஒன்று, அந்தப் பகுதியில் அசையாமல் இருக்கிற ஒரே பொருள் விசில்காரரின் கைதான் என்று கண்டுகொண்டது. வக்காவின் கூடு பெரிய வேலைப்பாடு ஒன்றும் இல்லை, கொட்டிப்போன தீக்குச்சி மாதிரிதான் இருக்கும். அரை மணியில் கட்டி முடித்தன. ஒன்பது இருபதுக்கு முட்டை வந்துவிட்டது. லாரிக்காரர் கொஞ்ச நேரம் வாயைத் திறந்து பார்த்தார், பிறகு வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மற்ற தன்னார்வலர்கள் ஓடிவந்து கை தட்டினார்கள். கைதட்டல் அடங்கியதும் எல்லாரும் பலகையைத் திரும்பிப் பார்த்தார்கள். விசில்காரரும் கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தார். சிவப்புப் பெயின்ட் புதிதாகவே இருந்தது. விஷயம் கேள்விப்பட்டு வந்த மருந்துக்கடைக்காரர் பலகையை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார், எக்காரணம் என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார், பிறகு கால் நரம்புக்குத் தடவுகிற களிம்பை எடுத்து அவர் முழங்காலுக்குக் கீழே தடவிவிட்டார். வக்கா அடைகாக்க இருபத்தைந்து நாள், குஞ்சு பறக்க இன்னும் நாற்பது என்று விசில்காரர் மனசுக்குள் கூட்டிக்கொண்டார். அறுபத்தைந்து நாள் நிற்பது அவருக்குப் பெரிய விஷயம் இல்லை.

தவறு அங்கேதான் நடந்தது. பாரம் ஒரு பக்கம் சாயாமலிருக்க வலது கையையும் நீட்டியிருந்தார்; இருபதாம் நாள் அதற்கு நீர்க்காகம் ஒன்று குச்சி கொண்டுவந்தது. விரட்டலாம், முட்டை இல்லாத கூட்டைப் பற்றி விதி எதுவும் சொல்லவில்லை. ஆனால் போக வேறு மரம் இல்லாத பறவையை எந்த வாயால் விரட்டுவது? விசில் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. இடது தோளின் குஞ்சுகள் பறந்தபோது வலது கையில் முட்டை இருந்தது. வலது கை காலியானபோது தலையில் உண்ணிக்கொக்குகள் குடியேறியிருந்தன. பருவம் தவறிய முட்டைகள் என்று படித்தவர்கள் சொன்னார்கள். வாடகைக்கு வீடு கிடைக்காதவர்கள் நல்ல நாள் பார்ப்பதில்லை. ஐந்தாம் மாதத்தில் அவர்மேல் பதினான்கு கூடுகள். பாதங்கள் கட்டை விரல்களுக்குக் கீழே மண்ணைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டிருந்தன. இயற்கை உபாதைகளை எப்படிச் சமாளித்தார் என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. மரங்களிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

பராமரிக்க அவரைத் தவிர வேறு மரம் இல்லாததால் தன்னார்வலர்கள் முறைவைத்து அவரைப் பராமரித்தார்கள். முறை வாரம் ஒன்றானது, மாதம் ஒன்றானது. ஒருவருக்கு வேலை மாற்றல், ஒருவருக்குப் பேரன், ஒருவருக்கு முதுகு. கடைசியில் தவறாமல் வந்தது இரண்டே பேர்: நீக்கப்பட்ட மருந்துக்கடைக்காரரும், எந்தப் பட்டியலிலும் சேராத கண்ணாடிக்காரம்மாவும். அந்த அம்மா மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு அடுக்குச் சட்டியோடு வருவார், முக்காலியில் ஏறி ஊட்டிவிடுவார். "வாயத் தொறங்க. உங்களத்தான். ஏ கொக்கு, உன்ன இல்ல" என்பார். ஒரு நாள் அப்படி ஊட்டிக்கொண்டே, காய் விலை சொல்லுகிற மாதிரி, டாக்டரிடம் போனேன் என்றார். கண் நரம்பு ஓரத்திலிருந்து உள்நோக்கி வாடிக்கொண்டு வருகிறது, மருந்து போட்டால் மெதுவாக வாடும், அவ்வளவுதான்; மூன்று மாதம், மிஞ்சினால் நாலு.

விசில்காரரின் வாயில் சோறு அப்படியே நின்றது.

"முழுங்குங்க. அழுது ஒண்ணும் ஆகப்போறதில்ல. எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. கண்ணு போறதுக்குள்ள ஒரு தடவ வீட்டுக்கு வந்து அந்த நாற்காலில உக்காருங்க. நான் எதிர்ல உக்காந்து பாக்கறேன். பாத்துட்டேன்னா அப்புறம் நீங்க இங்கயே காய்ச்சுத் தொங்குங்க, நான் கேக்க மாட்டேன்."

"வரேன்மா" என்றார் விசில்காரர். "இதுங்க பறந்ததும் வரேன்."

அதற்குப் பிறகு அவர் வாழ்க்கையில் இருந்தது ஒரே ஒரு இடைவெளிக்கான காத்திருப்பு. பதினான்கு கூடும் ஒரே நேரத்தில் காலியாக இருக்கிற ஒரு சாயங்காலம், அது போதும். மருந்துக்கடைக்காரரிடம் சொல்லி விசிலைத் தன் வாயில் வைக்கச் செய்து, புதிதாகக் குச்சி கொண்டுவந்த ஜோடிகளை முதல்முறையாக ஊதி விரட்டினார். அவை சாலையின் விளக்குக் கம்பங்களில் போய் உட்கார்ந்து அவரையே பார்த்தன. அவர் கண்ணை மூடிக்கொண்டார். கூடுகள் பதினான்கிலிருந்து ஒன்பதாயின, ஐந்தாயின. கண்ணாடிக்காரம்மாவின் பார்வையும் ஏறக்குறைய அதே வேகத்தில் குறுகியது. ஒரு மாதம், உங்கள் விரல் நுனிகள் தெரியவில்லை என்றார். அடுத்த மாதம் முழங்கைகள் போயின. பிறகு தோள்கள். "இன்னிக்கு மூக்கு மட்டும்தான் தெரியுது. பரவால்ல, உங்க மொகத்துல இருக்கறதுலயே அதுதான் கொஞ்சம் சுமாரானது" என்றார் ஒரு நாள். விசில்காரர் முகத்தில் அப்போது வழிந்தது கண்ணீரா என்று மருந்துக்கடைக்காரரைக் கேட்டால், தலைமேல் கொக்குக் குடும்பம் இருந்த நேரம், எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்பார்.

கடைசியாக மிஞ்சியது ஒரு கூடு, அதில் ஒரு நீர்க்காகக் குஞ்சு. அதன் உடன்பிறப்புகள் பறந்து பன்னிரண்டு நாளாகியும் அது பறக்கவில்லை. இறக்கை நன்றாக முளைத்திருந்தது, உடம்பு தாயைவிடப் பெரிதாக இருந்தது. வாயைத் திறந்து உட்கார்ந்தால் மீன் வருகிறது, எதற்குப் பறப்பது என்று இருந்தது. மருந்துக்கடைக்காரர் தினமும் வந்து அண்ணாந்து பார்த்தார். "சார், லேசா ஒரு தட்டு. விழாது, பறந்துரும். நான் தட்டறேன், என்னைத்தான் ஏற்கெனவே நீக்கியாச்சே" என்றார். விசில்காரர் பலகையைப் பார்த்தார். வெயிலில் பெயின்ட் உரிந்து மற்ற எழுத்தெல்லாம் மங்கிப் போயிருந்தது. இரண்டு கோடுகள் மட்டும் அப்படியே இருந்தன. "வேணாம் தம்பி" என்றார். "அன்னிக்கு உங்களுக்கு ஒரு சட்டம், இன்னிக்கு எனக்கு ஒரு சட்டமா?"

குஞ்சு ஒரு வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கொட்டாவி விட்டுவிட்டுப் பறந்தது. மருந்துக்கடைக்காரர் பாதத்தைப் பிடித்திருந்த மண்ணைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டார். மண் மட்டும்தானா என்று அவர் சொன்னதில்லை. விசில்காரர் நடந்தார். முழங்கால் மடங்குவதை மறந்திருந்தது. கைகள் இறங்க மறுத்ததால் நடைபாதையில் எதிரே வந்தவர்கள் குனிந்து போனார்கள். நாற்சந்தியில் நான்கு பக்கமும் வண்டிகள் நின்றன. கால் மணி நேர வழிக்கு இரண்டரை மணி ஆயிற்று. வீட்டு வாசலில் பக்கவாட்டில் நுழைந்தார். கண்ணாடிக்காரம்மா கூடத்தில் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். விசில்காரர் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் உறை சரசரவென்று கத்தியது.

"உக்காந்துட்டீங்களா?" என்றார் கண்ணாடிக்காரம்மா, அவருக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரைப் பார்த்து.

விசில்காரர் சுவரைத் திரும்பிப் பார்த்தார், பிறகு அந்த அம்மாவின் கண்களைப் பார்த்தார். "எப்ப?"

"செவ்வாக்கெழம."

"நேத்து சாப்பாடு கொண்டுவந்தியே?"

"வழி காலுக்குத் தெரியும். வாய் எங்கன்னு உங்களுக்குத் தெரியும். இதுக்குக் கண்ணு எதுக்கு?"

"சொல்லியிருக்கக் கூடாதா? ரெண்டே நாளு. நான் அத..."

"தட்டிவிட்டிருப்பீங்க. தட்டிவிட்டு, ஆயுசுக்கும் என் மூஞ்சியப் பாக்கறப்பெல்லாம் அந்தக் குஞ்சு ஞாபகம் வரும். வேணாம்." அந்த அம்மா கையை நீட்டித் துழாவினார். விரல்கள் அவர் முகத்தைக் கண்டுபிடித்தன. நெற்றியில் பட்டை மாதிரி ஏதோ சொரசொரத்தது. காதோரம் ஒரு சுள்ளி செருகியிருந்தது, அதை எடுத்துக் கீழே போட்டார். பிறகு கை மூக்கில் வந்து நின்றது. "ஆங், நீங்கதான்" என்றார்.

உறையைப் பிரித்துவிடட்டுமா என்று விசில்காரர் கேட்டார். இருக்கட்டும், அது கத்தினால்தானே நீங்கள் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும் என்றார் அந்த அம்மா. விசில்காரர் ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புவதாகச் சொன்னார். எட்டு மாதமாக மடங்காத முதுகு நாற்காலியில் சாய்ந்தது. அடுத்த வார்த்தை சொல்வதற்குள் தூங்கிவிட்டார். எழுப்ப அந்த அம்மாவுக்கு மனசு வரவில்லை. விடியும்வரை எதிரே உட்கார்ந்து, அவர் புரளும்போதெல்லாம் சரசரப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் ஏரியில் நடந்ததை மருந்துக்கடைக்காரர் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். ஆறு மணிக்குப் பறவைகள் வழக்கம்போல் திரும்பின. விசில்காரர் நின்ற இடத்துக்கு மேலே வட்டமடித்தன. மருந்துக்கடைக்காரர் ஓடிப்போய் அதே பாத அடையாளத்தில் தன் பாதங்களை வைத்து இரண்டு கைகளையும் நீட்டி நின்றார். ஒரு வக்கா தாழப் பறந்து வந்து அவர் முகத்தை நிதானமாகப் பார்த்தது. பன்னிரண்டு நிமிஷம் நின்றார்; பிறகு கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. நடுங்குகிற கிளையில் யார் முட்டை வைப்பார்கள்? வட்டம் பெரிதாகிக்கொண்டே போய், பணிமனைக்கு மேலே, ஆலைப் புகைக்கு மேலே, பிறகு எதற்கும் மேலே இல்லாமல் போயிற்று. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு லாரிகள் வந்தன. வாசலில் தடுக்க யாரும் இல்லை. பத்து மணிக்கு விசில்காரர் மனைவியைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது நாற்பத்திரண்டு லோடு கொட்டியிருந்தார்கள். முதல் லாரியில் இருந்தவர் அதே லாரிக்காரர்தான். அவர் விசில்காரரைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த லோடைக் கொட்டினார்.

விசில்காரர் தன் பழைய இடத்துக்குப் போய் நின்று கைகளை நீட்டினார். வா என்று யாரும் அழைக்கவில்லை, போ என்றும் யாரும் சொல்லவில்லை. ஏரி இருந்த இடம் நாலு மாதத்தில் தரையாயிற்று, தரை ஒரு வருடத்தில் வணிக வளாகத்தின் வண்டி நிறுத்துமிடமாயிற்று. கான்கிரீட் போட வந்தவர்கள் அவரைச் சுற்றி ஒரு வட்டம் விட்டுப் போட்டார்கள். கண்ணாடிக்காரம்மா கடையை விற்றுவிட்டு, சாய்வு நாற்காலியை உறையோடு கொண்டுவந்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டார். தினமும் ஒரு தடவை, "ஏதாச்சும் வந்துச்சா?" என்று கேட்பார். விசில்காரர் வாயில் விசிலை வைத்து வக்கா மாதிரி ஊதுவார், நீர்க்காகம் மாதிரி ஊதுவார், கொக்குக் குஞ்சு பசிக்குக் கத்துகிற மாதிரி ஊதுவார். "வக்கா இவ்வளவு மரியாதையாக் கத்தாது. பரவால்ல, இன்னொரு தடவ ஊதுங்க" என்பார் அந்த அம்மா.

நாலாவது வருடம் ஒரு நாள் அந்த அம்மா வரவில்லை. மருந்துக்கடைக்காரர் வந்து சொன்னார். சொல்லிவிட்டு, காலில் களிம்பு தடவினார். கை பழக்கத்தில் தடவியது, அங்கே நரம்பு எதுவும் தட்டுப்படவில்லை. விசில் அதற்குப் பிறகு கேட்கவில்லை. நாற்காலியை வண்டிகளுக்குச் சீட்டுக் கொடுக்கிற ஆள் எடுத்துக்கொண்டார். அவர் அதில் உட்கார்ந்து பிளாஸ்டிக் உறை சரசரக்கும்போதெல்லாம் மரம் அந்தப் பக்கம் ஒரு விரற்கடை திரும்பும். அவருக்கு அது பழகிவிட்டது. நகராட்சியிலிருந்து கணக்கெடுக்க வந்தவர் மார்பளவு உயரத்தில் எண் பொறித்த தகரத்தை அடித்து, படிவத்தில் மூன்று வரி எழுதினார். மரம்: ஒன்று. இனம்: தெரியவில்லை. பறவைகள்: இல்லை.

இப்போது வெயில் காலத்தில் அந்த நிழலில் பதினெட்டு ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. அந்த இடத்துக்காகக் காலை எட்டு மணியிலிருந்தே சண்டை. ஊரில் வேறு எந்த மரத்தடியில் வண்டியை விட்டாலும் சாயங்காலம் சீட்டைத் துடைக்க வேண்டியிருக்கும். இங்கே எத்தனை நாள் விட்டாலும் மேலே ஒரு எச்சம் விழுவதில்லை.